மூன்று சொட்டுத் தண்ணீர்

2019 நவம்பர் 16, சனிக்கிழமை. கனடா, ஸ்காபரோ, எக்ளிண்டன் கிழக்கு வீதி, ஒன்பதாம் மாடி. பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே மைனஸ் ஆறு.

மேசையில் நான்கு போத்தல்கள். நான்கும் கழுத்துவரை பழுப்புக் கடதாசிப் பைக்குள். பைகளில் எண் எழுதியவர் தில்லைநாதன். எதற்குள் எது என்று தில்லைக்கு மட்டுமே தெரியும்.

நான்கும் ரை விஸ்கி. நான்கும் முப்பது டொலருக்குள்.

எதிரே இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

பதினோரு வருடமாக ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மலிவான மதுவகைகளைப் பற்றி எழுதுகிறார். விதிகள் அவரே வகுத்தவை. பெயர் பார்க்கக் கூடாது. மூன்று சொட்டுத் தண்ணீர் தவிர வேறெதுவும் கலக்கக் கூடாது. எழுதிய புள்ளியை மாற்றக் கூடாது.

இன்றைய நான்கில் ஒன்று, 1987இல் அவரும் தில்லையும் குடித்த ரை.

அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று அவர்தான் சொல்லியிருந்தார். தில்லை புதன்கிழமை கல்கரிக்குப் போகிறார், மகளோடு இருக்க. திரும்பி வரச் சீட்டு எடுக்கவில்லை.

"பேப்பரிலை எழுதுற நாக்கெல்லே, பாப்பம்," என்றார் தில்லை. "பிழைச்சால் போத்தல் என்னோடை வரும்."

முதலாவது. வார்னிஷ் வாடை. பத்துக்கு ஐந்து.

இரண்டாவது. தட்டை. தொண்டையில் கசப்பு நிற்கிறது. வாங்க வேண்டாம். மூன்று.

மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே இருந்தார்.

மிளகு. இஞ்சி. அடியில் மெல்லிய இனிப்பு.

1987இன் பார்லிமென்ட் வீதி அறை. இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும் ஹீட்டர். இருவருக்கும் ஒரே சோடிப் பனிச்சப்பாத்து. ஒரே உணவகத்தில் அவர் பகலில் கோப்பை கழுவினார், தில்லை இரவில். திங்கட்கிழமை உணவகம் பூட்டு. ஒருவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். மற்றவர் காலுறையோடு கட்டிலில் காத்திருப்பார். பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் படிக்கட்டில் ஏறி வரும்.

அதைவிட நல்ல சத்தத்தை அவர் இந்த நாட்டில் கேட்டதில்லை.

ஒன்பது என்று எழுதினார். பதினோரு வருடத்தில் எதற்கும் ஒன்பது கொடுத்ததில்லை.

நான்காவதைக் கடமைக்குக் குடித்தார். ஆறு.

"மூண்டு," என்றார். "மூண்டுதான் எங்கடை."

தில்லை மூன்றாவது பையைக் கீழே இறக்கினார்.

போன வருடம் கடைக்கு வந்த புதுப் போத்தல்.

பிறகு இரண்டாவது பை.

அதே சிவப்பு எழுத்து. போத்தலுக்கு அதே சரிந்த தோள்.

ஹீட்டர் தட்டவில்லை. இந்தக் கட்டடத்தில் அது சத்தம் போடுவதில்லை.

அவர் இரண்டாவதை மறுபடி எடுத்தார். மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். நாக்கில் உருட்டினார். கசந்தது.

"செய்முறையை மாத்திப்போட்டாங்கள்," என்றார்.

தில்லை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் ஒரு பையை வைத்திருந்தார். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. தில்லை ஒரு பச்சை டின்னோடு திரும்பி வந்தார். ஜிஞ்சர் ஏல், இஞ்சிச் சோடா. உடைத்து, அவருடைய கிளாஸில் விளிம்புவரை ஊற்றினார்.

"மச்சான், நாங்கள் எப்பயடா இதை வெறுமையாய்க் குடிச்சனாங்கள்?"

நுரை அடங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் முட்டியவை எப்போதும் இரண்டு போத்தல்கள். ஒன்று மட்டுமே ரை.

குடித்தார்.

மிளகு. இஞ்சி. அடியில் மெல்லிய இனிப்பு.

தில்லை தன் கிளாஸையும் நீட்டினார். அவர் ஊற்றினார். இருட்டும்வரை இருந்தார்கள். குறிப்புப் புத்தகம் திறந்தபடி கிடந்தது.

புதன்கிழமை அந்தப் போத்தல், பாதி, தில்லையின் பெட்டிக்குள் கல்கரி போனது.

டிசம்பர் இதழில் இரண்டாம் எண்ணுக்கு மூன்று புள்ளி.

அவருடைய குளிர்ப்பெட்டியில் ஜிஞ்சர் ஏல் இரண்டு டின் மிஞ்சியது.