இலை விழாத முற்றம்

பதினோரு வருஷமாக என் முற்றத்தில் ஒரு இலைகூட மண்ணைத் தொட்டதில்லை. விழும்போதே பாதி வழியில் பிடித்துவிடுவேன்.

யூகலிப்டஸ் மரங்களுக்கே இது தெரியும். நான் கதவைத் திறந்தால் உதிர்ப்பதை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? கோடைதோறும் மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது. என்றைக்காவது தீ இந்தப் பக்கம் வரும். வரும்போது என் வீட்டில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் பட்டினியோடு திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

வேலிக்கு அடுத்த பக்கம் கீத். அவன் கூரையோரத்து மழைநீர்த் தகரத்தில் சருகு மட்கி, செடி முளைத்து, பூவும் விட்டிருந்தது.

“யோவ் அலெக், இலைய நீ பிடிக்கிறியா, இல்ல அதுவே பயந்துபோய் உன் சாக்குக்குள்ள குதிக்குதா?” என்பான். தெருவே சிரிக்கும். என் மனைவி லோர்னாவும்தான்.

வெள்ளிக்கிழமை தீ எச்சரிக்கைச் சங்கு ஊதியது.

மழைக் குழாய்களின் வாயில் டென்னிஸ் பந்துகளைத் திணித்து, பறந்து வரும் பொறி அணையட்டும் என்று கூரையோரத் தகரம் முழுக்கத் தண்ணீர் நிரப்பினேன். அன்னம் நீந்தலாம், அவ்வளவு தண்ணீர். வாசல் மிதியடி, துடைப்பம், திரைச்சீலை, எல்லாவற்றையும் அகற்றினேன். தீயணைப்பு வண்டி நுழைய வாகாகக் கேட்டைத் திறந்து கம்பியால் கட்டினேன்.

பிறகு எல்லோரையும் கிரிக்கெட் மைதானத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நானூறு பேர் மைதானத்தின் நடுவில் நின்று மலையையே பார்த்தோம். நாலு மணிக்குக் காற்று திரும்பியது. புகை எங்கள் தெருவை மூடியது.

என் கையில் இலைவாரி இருந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை.

இன்று காலைதான் திரும்பி வர விட்டார்கள்.

கேட் நான் கட்டிய மாதிரியே திறந்திருந்தது. அதற்குப் பின்னால் வீட்டின் புகைபோக்கி மட்டும் நின்றது.

கீத்தின் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரையில் அந்தப் பூகூட வாடவில்லை.

தீயணைப்புப் படையிலிருந்து வந்த பெண் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். பிறகு மிகவும் தயங்கிக் கேட்டாள்: “காஞ்ச இலை எங்கயாவது விட்டுப்போயிருக்குமா சார்? எல்லார் வீட்லயும் நடக்கறதுதான்.”

கையிலிருந்த இலைவாரியைக் கேட்டில் சாய்த்து வைத்தேன்.

லோர்னா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

கீத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியருகே வந்தான். சாம்பலைப் பார்த்துத்தான் பேசினான்.

“ஒண்ணுகூட இல்லம்மா, எழுதிக்கோங்க. போன மாசம் வேணும்னே ஒரு கூடை சருக வேலி தாண்டி இவன் முற்றத்துல நான்தான் கொட்டினேன். உள்ள போய் டீ குடிச்சிட்டு வந்து எட்டிப் பாத்தேன். துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு.”