வெளுத்த ஈரல்

"இன்னாமே, நான் குடுக்கிற ஈரல சோப்புத் தண்ணில ஊறப்போட்டு வெளுக்கறியாமே? மெய்யா?"

ஆடு வெட்டும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி வாசலில் ஈரல் விற்கும் வேம்பு போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அனமுக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் அவள். தினமும் காலையில் ஒரு முழு ஈரல் வேண்டும். ரத்தக்குழாயோடு, ஒரு கீறல்கூட இல்லாமல். வேம்புவைத் தவிர அப்படி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. இவள் கையை விரித்தால் ஆராய்ச்சியே படுத்துவிடும்.

"துன்ற பொருளு அது! புள்ளத்தாச்சி கேட்டாக்கூட இல்லன்னுட்டு ஒனக்கு எடுத்து வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

"கோவப்படாதீங்கக்கா. கழுவினா ஆட்டோட செல்லெல்லாம் போயி வெறும் கூடுதான் மிஞ்சும். அதுல மனுஷனோட ஸ்டெம் செல்லை விட்டு வளர்க்கப் பார்க்கிறோம். விதை மாதிரி அது. ஈரல் கெட்டுப்போனவங்களுக்கு ஒருநாள் அதையே வைக்கலாம். ஆனா இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

"குடிச்சிக் கெட்டவனுக்குமா?"

"அவங்களுக்கும்தான்."

வேம்புவின் கத்தி அப்படியே நின்றது.

"என் வூட்டுக்காரரு அதுலதான் பூட்டாரு கண்ணு. வயிறு ஊதி, கண்ணு மஞ்சளாயி... வேற ஈரல் வெக்கணும்னாங்க. யாரு குடுப்பா? மூலக்கொத்தளத்துல கொண்டும்போயி பொதைச்சோம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பொம்பளைக்கும் அந்தக் கதி வரக்கூடாது. எத்தினி வோணும் சொல்லு, நான் தர்றேன். இனிமே எவனாச்சும் ஒன்ன எதுனா சொன்னான், கீச்சிப்புடுவேன் கீச்சி!"

அனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடடா, இப்படியும் ஒரு மனுஷியா!

அந்த நேரம் பார்த்து மீன்பாடி வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் வந்தார்.

"யக்கா, ஒண்ணு."

வேம்பு ஈரல் தட்டைத் தூக்கினாள். அடியிலிருந்த ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். கவர்மென்ட் கடை திறக்க மதியமாகும். அதுவரைக்கும் இங்கேதான் வியாபாரம் போலிருக்கிறது!

அனமுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா! என்னக்கா இது? அவர் கண்ணைப் பார்த்தீங்களா? மஞ்சளா இருக்கு!"

"பாத்தேன், பாத்தேன்." வேம்பு நிதானமாக ஈரலைக் கவரில் போட்டு நீட்டினாள்.

"அதுக்கோசரந்தான் சொல்றேன் கண்ணு. நீ சீக்கிரமா செஞ்சி முடி!"