எல்லைக்கு மேலே ஒரு படி

நோலன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெரிய மச்சான் ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாப்ளே, எங்க தங்கச்சிய விட்டுட்டுக் கிளம்பறியா?"

"விரல் போனாலும் மோதிரமாவது மிஞ்சட்டும்னுதான்."

நோலன் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவன். விரல்கள்தான் பிழைப்பு.

எதிரே மேஜைமேல் மாமனார் ஹோபர்ட்டின் துப்பாக்கி. குழாயின் வாய்வழியாக வெடிமருந்து கொட்டி, மேலே குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்குகிற ரகம். புகையில்லா மருந்தைத் தாங்குவதற்கென்றே செய்தது. ஆனாலும் செய்தவன், இந்த அளவுக்கு மேல் போடாதே என்று ஓர் எல்லை சொல்லியிருந்தான்.

காலையிலிருந்து ஹோபர்ட் முறைப்படிதான் போனார். குறைந்த அளவில் தொடங்கி, தராசில் எடைபோட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றினார். படிக்குப் படி குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுந்தன. எல்லை வந்தது. ஹோபர்ட் நிற்கவில்லை.

"எல்லையெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு," என்றார், மிசௌரி மாநிலம் முழுக்கத் தன்னிடம்தான் சுடக் கற்றுக்கொண்டது போல. "இன்னும் ஒரே படி. மாப்ளே, இத நீ சுடு. நான் பார்க்கணுமில்ல?"

பார்ப்பது, லாரிக்குப் பின்னால் நின்று, தொலைநோக்கியில்.

"மாமா, குழாய் வெடிச்சுதுன்னா?"

"உனக்குத்தான் முதல்ல தெரியும். வந்து சொல்லு."

மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சுவராக நின்றார்கள். மாட்டேனென்றால் அடுத்த வாரம் மான் வேட்டைக் கூடாரத்தில் அவன் பெயர் 'வயலின் பாப்பா'. பேரன் எடுத்தாலும் அது மாறாது.

ஹோபர்ட் எடைபோட்ட மருந்துத் தட்டைக் கையிலெடுத்தார்.

"ஹோபர்ட்!" சமையலறை ஜன்னலிலிருந்து மாமியார் ட்வைலா கத்தினாள். "சோள ரொட்டி கருகுது! என்ன பண்ணட்டும்?"

"அடுப்ப அணை! இதுக்கும் நான்தான் வரணுமா?" தட்டை வைத்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். "நேரங்காலமே தெரியாது இவளுக்கு." முணுமுணுத்துக்கொண்டே குண்டை எடுத்துக் குழாயில் வைத்து இடித்து இறக்கினார்.

நோலன் உட்கார்ந்தான். இடது கையைக் குழாய்க்கு அடியில் கொடுத்து, ஒவ்வொரு விரலிடமும் தனித்தனியாக விடைபெற்றான். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

'டப்.'

அவ்வளவுதான். மருந்தைப் பற்றவைக்கப் பின்னால் செருகியிருந்த கேப் மட்டும் வெடித்தது. குண்டு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"மருந்து நமுத்துப்போச்சு!" லாரிக்குப் பின்னாலிருந்து ஹோபர்ட் வந்தார். "இப்பல்லாம் எவன் ஒழுங்கா மருந்து செய்யறான்?" சொல்லியபடி தொப்பியை எடுத்தார்.

அடியில் தட்டு. தட்டில் மருந்து, ஒரு துளி குறையாமல்.

"அப்பா," என்றான் ராய்ஸ், "ஒரு படி கூடன்னீங்க. மொத்தப் படியும் இங்கதானே இருக்கு?"

"எல்லாம் உங்கம்மாவாலதான்! இனி இந்தக் குண்டைப் பிடுங்கறதுக்குள்ள பொழுது போயிடும்." ஹோபர்ட் மருந்தை டப்பாவில் திருப்பிக் கொட்டினார்.

நோலன் சமையலறைக்கு வந்து அடுப்பில் சாய்ந்தான். அடுப்பு சில்லென்றிருந்தது.

"அத்தை, ரொட்டி ரொம்பக் கருகிடுச்சா?"

ட்வைலா ஜன்னலைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரொட்டியே போடல மாப்ளே. அவர் எல்லை தாண்டறப்பெல்லாம் எனக்கு ஏதாவது கருகும்."