மூன்று செருப்பு மலை

"என்னைப் பாத்தா மூச்சு வாங்குற கிழவன் மாதிரியா இருக்கு? சொல்லும்மா, இருக்கா?"

சர்வேயர் போட்ட கூச்சலில் படகின் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அடுத்தவர் சண்டை என்றால் டிக்கெட் இல்லாத வேடிக்கை அல்லவா! நாற்பது கிழடுகளும் காபியை ஆறவிட்டுக் காது கொடுத்தன.

எதிரே நின்ற வழிகாட்டிப் பெண் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ் சார். உங்களுக்கு ரெண்டு செருப்புதான்."

ஒரு வாரம் நதியில் போகும் அந்தப் படகில், கரையிறங்கி நடக்கும் ஒவ்வொரு நடைக்கும் செருப்புக் கணக்கு உண்டு. ஒரு செருப்பு என்றால் கடைத்தெரு. இரண்டு என்றால் மேடு பள்ளம். மூன்று என்றால் மலை. யாரை அடிப்பதற்கு என்று முதல் நாளே ஒருவர் கேட்டு, கேட்ட திருப்தியில் தானே சிரித்தும் முடித்திருந்தார்.

யாருக்கு எத்தனை செருப்பு என்று அவள் கண்டுபிடிக்கும் விதமே தனி. வயதைக் கேட்க மாட்டாள். கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குப் படியேறிக்கொண்டே அவரவர் கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும். மூச்சுக்காகக் கதை எங்கே நிற்கிறதோ, அங்கே செருப்பும் நிற்கும்.

முதல் நாள் நடந்த அந்தச் சோதனையில் சர்வேயரின் கதை, பெண் வீட்டார் வந்த கார் நடுரோட்டில் படுத்துக்கொண்ட இடத்திலேயே நின்றுவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மனுஷன் இழுத்த இழுப்பில், கீழே நின்ற அவர் மனைவி கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகிலும் டெலிபோன் அக்கா என்றே பெயர். மறுமுனையில் விடும் மூச்சை வைத்தே யார் புளுகுகிறார்கள் என்று சொல்லிவிடும் காது அது. ஆனால் என்ன, வாங்குவது சொந்தப் புருஷன் மூச்சு என்றால் எந்தக் காதும் பயத்தில் அடைத்துத்தான் போகும்.

நெஞ்சில் ஏதோ இருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலையும் போயிற்றே என்ற வருத்தம் வேறு. அந்த நதியைக் காகிதத்தில் நீலக் கோடாகவே வரைந்து காலம் தள்ளியவர் சர்வேயர். மேலே நின்று அதன் வளைவு முழுவதையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. அக்காவுக்கோ முழங்கால் தகராறு. ஒரு செருப்புக்கே ஊன்றுகோல் வேண்டும். முந்தைய பயணங்களில் எல்லாம் "உன்னை விட்டுட்டு என்ன பெரிய மலை" என்று அவரும் உட்கார்ந்துவிடுவார். என்னால்தானே, என்னால்தானே என்று அக்கா அழுது தீர்ப்பார். அதனால் இந்த முறை புறப்படும் முன்பே சத்தியம் வாங்கியிருந்தார், நான் வராவிட்டாலும் நீங்கள் ஏறியே ஆக வேண்டும் என்று.

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் சர்வேயர் இந்தக் குதி குதித்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தபடி படகையும், படகின் படிகளையும், செருப்புக் கணக்கைக் கண்டுபிடித்தவரையும் இடைவெளியில்லாமல் வைதுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆசை மலையளவு, மூச்சு கடுகளவு," என்று பக்கத்து மேசைக்காரர் கிசுகிசுத்தார். அக்கா காதில் விழாமல் இருக்குமா?

மலைக்குப் போகிறவர்கள் போனார்கள். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள். வெறிச்சோடிய மேல்தளத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர். அவர் மலையைப் பார்த்தார். அக்கா அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தார்.

காற்று வந்து அக்காவின் சால்வையை உருவிக் கீழ்த்தளத்தில் போட்டது.

சர்வேயர் படி இருக்கும் பக்கமே போகவில்லை. படகுக்காரர்கள் மட்டும் புழங்கும் செங்குத்தான இரும்பு ஏணியில் தடதடவென்று இறங்கினார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கூடவே பேச்சும் ஏறி வந்தது.

"அன்னிக்கும் இதே காத்துதான், கார் படுத்துடுச்சு, உங்கப்பா என்கிட்ட வந்து மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளுங்கன்னாரு, நான் புதுச் சட்டையோட தள்ளுறேன், நீ உள்ள உக்காந்து சிரிக்கிறே, மண்டபம் வர்ற வரைக்கும் சிரிச்சே, மேடையிலயும் சிரிச்சே, போட்டோக்காரன் வேற..."

கதை எங்கேயும் நிற்கவில்லை. ஏணி முடிவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது.

அக்காவின் காது திறந்தது. காலையில் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது அழுகையை அடக்கவா, சிரிப்பை அடக்கவா என்பதும் அப்போதுதான் விளங்கியது.

நதி கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சத்தியம் வாங்கியவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"மெதுவா வாங்க. மூச்சு வாங்குது பாருங்க."

சர்வேயர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, கடமை தவறாமல், புஸ்புஸ்ஸென்று வாங்கினார்.

அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று சாப்பாட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வழிகாட்டிப் பெண் அந்த வருஷமே படகின் எஞ்சின்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். படகில் வந்த அத்தனை பேரில் கல்யாணத்துக்கு அழைப்பு இவர்கள் இருவருக்கு மட்டும்தான். அப்படிச் சண்டை போட்ட மனுஷனைப் போய்க் கூப்பிடுவாளா என்று மற்றவர்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

கல்யாண மண்டபம் மாடியில் இருந்ததாம். அக்கா ஒவ்வொரு படியாக ஊன்றி ஏற, பக்கத்தில் சர்வேயரும் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினாராம்.

மேலே நின்ற மணப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாளாம்.