ராஜா வந்தார், கல்யாணம் போச்சு

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான் ஹம்ஃப்ரி.

எல்லாம் ராஜாவால் வந்த வினை. பழைய ராஜாவின் தலையை வெட்டிவிட்டு, இங்கிலாந்துக்கு இனி ராஜாவே கிடையாது என்று பதினோரு வருஷம் பார்லிமென்ட்காரர்களும் பட்டாளமும் ஆண்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் குற்றம் என்றார்கள். சர்ச் கல்யாணம் செல்லாது, நீதிபதி முன்னால் கையைப் பிடித்துச் சொன்னால் போதும் என்றார்கள். ஊரும் சரி சரி என்று தலையாட்டியது. போன மாதம் ராஜாவின் மகன் கடல் தாண்டி வந்து இறங்கினார். ஊர் அதே தலையை இந்தப் பக்கமாக ஆட்டியது.

கூடவே, அப்போது விரட்டப்பட்ட பாதிரியாரும் திரும்பி வந்தார். முதல் ஞாயிறே பிரசங்கத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நீதிபதி முன்னால நடந்ததெல்லாம் கல்யாணமே இல்ல! மறுபடி இங்க வந்து பண்ணிக்குங்க. அதுவரைக்கும் நீங்க யாரும் புருஷன் பெண்டாட்டி கிடையாது!"

அவ்வளவுதான். ஊரில் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நின்றார்கள். மணப்பெண்களின் இடுப்பில் பிள்ளைகள். ஒருத்திக்கு நிறைமாதம் வேறு!

ஹம்ஃப்ரியின் மனைவி டாம்சின் மட்டும் அசையவில்லை.

"நான் வரலைங்க. எனக்கு ஒருதடவை கல்யாணம் ஆயிடுச்சு. அது போதும்."

"ஏண்டி, ஊரே போகுதே?"

"ஊரு எதுக்குத்தான் போகல?"

ஹம்ஃப்ரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் பூட்ஸ் தைக்கிறவன். பார்க்கவும் சுமார்தான். டாம்சினை அவன் பெண் கேட்டபோதே ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஒருவேளை, பாதிரியாரே கதவைத் திறந்துவிட்டார், கிளம்பிவிடலாம் என்று பார்க்கிறாளோ?

பீர்க்கடைக்குப் போனால் அங்கே கொல்லன் ஜாஸ்பர்.

"வாப்பா புது மாப்பிள்ளை! உன் பெண்டாட்டி... ஐயோ, தப்பு தப்பு, உன் வீட்டுல குடியிருக்கற அந்தப் பொண்ணு சவுக்கியமா?"

கடையே சிரித்தது.

"இல்லப்பா, அவளுக்கு ராஜா வந்தது பிடிக்கல. பார்லிமென்ட் கட்சிக்காரி" என்றான் இன்னொருத்தன். அந்தப் பேச்சு பரவினால் என்ன ஆகும் என்று நினைக்கவே ஹம்ஃப்ரிக்குப் பயமாக இருந்தது. பீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

"டாம்சின், உள்ளதைச் சொல்லிடு. என்னைப் பிடிக்கலையா?"

"பைத்தியமா உங்களுக்கு? பிடிக்காமலா ரெண்டு புள்ளை பெத்தேன்?"

"அப்ப வா, சர்ச்சுக்குப் போவோம்."

"மாட்டேன்."

"பிடிச்சிருக்கு, ஆனா கட்டிக்க மாட்டே. நீ ராஜா கட்சியா, பார்லிமென்ட் கட்சியா, இல்ல என்னைக் கொல்றதுக்குன்னே வந்தவளா? எனக்குத் தலை சுத்துதுடி!"

"சுத்தினா படுத்துக்குங்க."

அடுத்த ஞாயிறு ஹம்ஃப்ரி, கையில் ஒரு மோதிரத்தோடு, டாம்சினை ஆராதனைக்குக் கூட்டிப் போனான். சர்ச் வாசலிலேயே பாதிரியார் கையை நீட்டி மறித்துவிட்டார்.

"ஹம்ஃப்ரி, உங்க ரெண்டு பேருக்கும் இனிமே இங்க திருவிருந்துல அப்பமும் இல்ல, திராட்சை ரசமும் இல்ல. ஏம்மா, உன் புள்ளைங்களை நாளைக்கு ஊரு என்னன்னு கூப்பிடும்னு யோசிச்சியா?"

டாம்சினின் முகம் சிவந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏவிஸ் வந்தாள். போன குளிர்காலத்தில் காய்ச்சலுக்குப் புருஷன் ராஃபைப் பறிகொடுத்தவள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சின்ன மகள்.

"வெக்கமா இல்லடி உனக்கு? தங்கமான மனுஷன், மோதிரத்தை வாங்கி வச்சுக்கிட்டு உன் பின்னாடியே அலையறான். புருஷன் அருமை உனக்கெங்க தெரியப் போகுது! கொழுப்பெடுத்தவ. நீயெல்லாம் குடும்பத்துப் பொம்பளையா?"

ஊர் முழுக்க நின்று கேட்டது. வாயாடி டாம்சின், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தாள்.

ஹம்ஃப்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆப்பிள் தோட்டம் வரைக்கும் பின்னாலேயே வந்தவன், அங்கே அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏவிஸ்கூட உன்னைக் காறித் துப்பறா. நீ வாயைத் திறக்கல. யார்கிட்டயும் இப்படி வாங்கிக் கட்டிக்கிறவளா நீ? என்னதான்டி உன் மனசுல?"

டாம்சின் முன்னும் பின்னும் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஏவிஸ் இப்ப யார் வீட்டுல இருக்கா?"

"இதென்ன கேள்வி? ராஃப் வீட்டுலதான்."

"எந்த உரிமையில?"

"புருஷன் செத்தா, வீடும் நிலமும் பெண்டாட்டி அனுபவிக்கலாம். அது இந்த ஊர் வழக்கமாச்சே. ஏன் சுத்தி வளைக்கிற?"

"அவங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"நமக்கு நடந்ததுக்கு அடுத்த வாரம். அதே நீதிபதி முன்னால..."

"ஐயோ, அப்ப ஏவிஸ்!" என்று கத்திவிட்டான் ஹம்ஃப்ரி.

"சத்தம் போடாதீங்க. அவளுக்கே இது இன்னும் தோணல. தோணவே வேண்டாம், பாவம். எல்லா ஜோடியும் மறுபடி கட்டிக்கிட்டா, பழையது கல்யாணமே இல்லன்னு ஊரே ஒத்துக்கிட்ட மாதிரிதானே? நாளைக்கே நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவோட காரியஸ்தர் வந்து, நீ ராஃபுக்கு யாருடி, வீட்டை விட்டு வெளிய போன்னு சொன்னா? ஒரு ஜோடியாவது அசையாம நின்னாத்தான் அந்தக் கல்யாணம் செல்லும்னு சொல்ல ஒரு வாய் இருக்கும்."

அவன் கையிலிருந்த மோதிரத்தை அவளே மூடிப் பிடித்தாள்.

"நாம போய் நின்னுடலாங்க. அதுக்கு எவ்வளவு நேரம்? ஏவிஸ் யாரைக் கூட்டிட்டுப் போய் நிப்பா?"