கையும் களவுமாக

சேலம் செவ்வாய்ப்பேட்டை கிளப்புக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார் எருமப்பட்டி நாச்சிமுத்துக் கவுண்டர்.

"ஊட்டுல சோறில்லாத நாய்கதான் இங்க வரும்!" என்றார், எதிரில் வெறும் தண்ணீர் டம்ளரோடு இருந்தவரிடம்.

"ஆரைத் தேடறீங்க?"

"எம் பொண்ணுக்குப் பாத்திருக்கற பையனை. பேரு சின்னுசாமி. தூரத்துல ஒருக்காப் பாத்தது. கிளப்புல திங்கறவன்னு கேள்விப்பட்டேன். கையும் களவுமாப் புடிச்சு, சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிப்போடுவேன். ஏப்பா, இன்னொரு நெய்த்தோசை!"

"அவன் வரமாட்டானுங்க. காப்பியே குடிக்கமாட்டான்."

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"நான் அவனோட அப்பனுங்க. எருமப்பட்டிப் பொண்ணோட அப்பன் சேலம் வந்தா கிளப்புலயேதான் கெடப்பாருன்னாங்க. நம்பாம, நேர்ல பாக்கலாம்னு வந்தேன்."

தோசை வந்தது.

"பாத்தாச்சுங்க. ஆறதுக்குள்ள தின்னுங்க."