அண்ணனுக்குப் பின்னால்

"நீ இங்கேயே இரு அண்ணே. உன் பேரைக் கூப்பிட்டா நான் எந்திரிச்சுப் போறேன்" என்றான் லெஸ்லி.

இக்னேஷியஸ் தலையை மட்டும் ஆட்டினான். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்ததில் அவனுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. ரயில்வே டாக்டரின் அறைக்கு எதிரே, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

ரயில்வேயில் இருந்த அப்பா கண்ணை மூடியதும் குவார்ட்டர்ஸ் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் வீடு தங்கும். இக்னேஷியஸுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தும் விட்டது. டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதில்தான் வினை.

நாலு படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் நெஞ்சை அடைக்கும். சுவரில் சாய்ந்தேதான் தூக்கம். பொழுது சாய்ந்தால் கால் வீங்கிவிடும். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்த சபாபதி ஒருநாள் அவன் கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இருதயக் கோளாறுப்பா. டாக்டர் தொரை நெஞ்சுல குழாயை வச்சா உடனே தெரிஞ்சுக்குவாரு" என்றார்.

அம்மா மகதலேனா அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. கல்யாண வயதில் நிற்கும் மகள் சாந்தமேரியை அழைத்துக்கொண்டு எந்தக் கூரையின் கீழ் போய் நிற்பது?

அப்போதுதான் லெஸ்லி, அண்ணன் பேரில் தான் போவதாகச் சொன்னான். ஒரு வயதுதான் வித்தியாசம், ஒரே சாயல். டாக்டருக்குப் போகும் தாளில் பெயர் உண்டு, படம் கிடையாது. அவனே வேலைக்குச் சேரலாம் என்றால் படிப்பு இல்லை. தையற்கடையில் உட்கார்ந்து காஜா எடுக்கிறவன்.

அப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்? அண்ணனுக்கு முன்னால் தம்பி நடக்கக் கூடாது என்று அம்மா சின்ன வயதில் சொன்னதை அவன் இன்னும் விடவில்லை. பூசைக்குக் கோயில் மேட்டில் ஏறும்போது இக்னேஷியஸ் நின்றால் அவனும் நிற்பான். நீ முன்னால் போடா என்றால் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். இரவில் அண்ணனுக்குத் துணை என்று சொல்லி, தானும் பாயை விட்டுவிட்டு அதே சுவரில் சாய்ந்துகொள்வான். அவனைப் போய்ப் பொய் சொல்ல அனுப்பியிருக்கிறோமே என்று இக்னேஷியஸுக்கு மனம் கூசியது.

உள்ளே போனவன் வெகுநேரம் கழித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"தேறலண்ணே."

"ஆள் மாறினது தெரிஞ்சு போச்சா?"

"இல்ல."

"பின்ன? என் உடம்பைப் பத்தி ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டியா?"

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே. குழாயை வச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. சின்னப் பிள்ளையில முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சான்னாரு. நம்ம ரெண்டு பேருக்கும்தானே வந்துச்சு."

லெஸ்லி, அண்ணனிடம் வாங்கிக் காலில் போட்டுவந்த சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான். முடியாமல் மூச்சு வாங்க நிமிர்ந்தான். இக்னேஷியஸுக்கு அந்த நேரம் வீடு நினைவிலேயே இல்லை. தரையில் மண்டியிட்டு, தம்பியின் காலை மடியில் எடுத்துவைத்து, சப்பாத்தைக் கழற்றினான்.

கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.